வழி சொல்லாத விளையாட்டுகளுக்கு ஓர் ஆற்றுப்படை

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அன்று மாலையே இறங்கிவிடுகிறார்கள். செம்மேட்டில் ஒரு தேநீர், அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை, எட்டுக்கை அம்மன், சீக்குப்பாறை காட்சிமுனை என்று கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. அது தீர்ந்ததும் அவர்களைப் பொறுத்தவரை மலையும் தீர்ந்துவிடுகிறது. ஆனால் பட்டியலுக்கு அடங்குகிற மலையா அது? மற்ற மலைகளில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்குவோம். இங்கே ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் போய்விட்டு, களைத்த கால்களோடு ஏற வேண்டும். அய்யாற்றில் வெள்ளம் பெருகினால் அருவிக்குப் போகும் வழியையே மூடிவிடுவார்கள். அன்று வந்தவர் வீண் அலைச்சல் என்று சலித்துக்கொள்வார். மலைக்காரருக்கு அது இன்னொரு மாதத்தில் திறக்கிற வழி, அவ்வளவுதான். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து கிடக்கும் அந்த மேட்டு நிலத்தில், ஓர் ஊரை இன்னோர் ஊரோடு இணைக்கும் ஒற்றையடிப் பாதைகள் எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் வருவதில்லை.

வீடியோ கேம்களிலும் இப்படியொரு வகை உண்டு. ஒரு பெரிய நிலப்பரப்பில் ஆடுபவரை இறக்கிவிட்டு, எங்கே போக வேண்டும் என்று சொல்லாமல் விட்டுவிடும் தேடல்-அதிரடி விளையாட்டுகள். மெட்ராய்ட், காசில்வேனியா என்ற இரண்டு பழைய தொடர்களின் பெயரைச் சேர்த்து 'மெட்ராய்ட்வேனியா' என்று இவற்றை அழைக்கிறார்கள். 2025 செப்டம்பர் 4 அன்று 'ஹாலோ நைட்: சில்க்சாங்' வெளியானபோது, வாங்க வந்தவர்களின் கூட்டத்தைத் தாங்க முடியாமல் ஸ்டீம் உள்ளிட்ட இணையக் கடைகள் சிறிது நேரம் முடங்கின. அதற்கு முந்தைய 'ஹாலோ நைட்', 2017இல் வெளியாகி உலகெங்கும் ஒன்றரைக் கோடிப் பிரதிகள் விற்றிருந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தில் ஒரு சிறு குழு, பொதுமக்களிடம் 57 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர் திரட்டிச் செய்தது அது. இவ்வளவு பரபரப்பைக் கேட்டு இந்த வகைக்குள் முதன்முறை நுழைகிற இளைஞர் பலர், இரண்டு மணி நேரத்தில் 'எங்கே போவதென்றே தெரியவில்லை, சுத்தமாகப் போர்' என்று மூடி வைத்துவிடுகிறார்கள். குறை பெரும்பாலும் அவர்களுடைய திறமையில் இல்லை. எதை எதிர்பார்த்து வந்தார்கள் என்பதில் இருக்கிறது. பட்டியலை எதிர்பார்த்து மலைக்கு வந்துவிட்டார்கள்.

இந்த வகையின் பிறப்பைப் பார்த்தால் இது விளங்கும். நின்டெண்டோவின் ஷிகெரு மியாமோட்டோ, கியோட்டோவுக்கு அருகிலுள்ள சோனோபே என்ற ஊரில் வளர்ந்தவர். சிறுவனாகச் சுற்றுப்புறக் குன்றுகளிலும் காடுகளிலும் வரைபடமில்லாமல் திரிந்ததையும், விளக்கோடு ஒரு குகைக்குள் நுழைந்ததையும், எதிர்பாராமல் ஓர் ஏரியைக் கண்டதையும் அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1986 பிப்ரவரியில் வந்த 'த லெஜண்ட் ஆஃப் செல்டா' அந்தத் திரிதலிலிருந்து பிறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'மெட்ராய்ட்' வந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' உலகம் முழுவதற்கும் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருந்தது: வலப்பக்கம் போ, திரும்பாதே. அதில் திரை இடப்பக்கம் நகரவே நகராது. மெட்ராய்டைத் தொடங்கியவர்களும் பழக்கதோஷத்தில் வலப்பக்கம் ஓடினார்கள். சிறிது தூரத்தில் ஒரு தாழ்வான இடுக்கு வழியை மறித்தது. ஆளால் அதற்குள் நுழைய முடியாது. நுழைவதற்கான திறன், உடலை உருண்டையாகச் சுருட்டிக்கொள்ளும் ஆற்றல், தொடங்கிய இடத்துக்கு இடப்பக்கத்திலேயே காத்திருந்தது. ஒரு வார்த்தை அறிவுரை இல்லாமல், ஒரு தடையைக் கொண்டே 'திரும்பிப் பார்' என்று சொல்லிக்கொடுத்த அந்தச் சில நிமிடங்களில் இந்த வகையின் இலக்கணம் முழுவதும் அடங்கிவிட்டது என்பேன்.

அடைபட்ட வழியை முதலில் காட்டுவது, அதைத் திறக்கும் திறனைப் பிறகு தருவது, ஆடுபவரே அந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்ள விடுவது. பின்னால் வந்த எல்லா நல்ல ஆட்டங்களும் இதைத்தான் செய்கின்றன. ஹாலோ நைட்டில் எட்டாத உயரத்தில் ஒரு மேடை தெரியும். பல மணி நேரம் கழித்து, வேறொரு மூலையில், சுவரைப் பற்றி ஏறும் நகம் கிடைக்கும். அந்தக் கணத்தில் ஆடுபவரின் மனத்தில் நான்கைந்து பழைய இடங்கள் ஒன்றாக விழித்துக்கொள்ளும். கிடங்கில் சேர்க்கும் பொருளாக அந்தத் திறன் நிற்பதில்லை. ஏற்கெனவே கடந்த நிலத்தையே புதிதாக்கிவிடுகிறது. ஆகவே புதியவர் முதலில் எதிர்பார்க்க வேண்டியது மறுப்பை. இந்த ஆட்டம் உங்களுக்கு வழியை மறுக்கும். மறுத்ததை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லும். மறிக்கப்பட்ட ஒவ்வோர் இடத்தையும் தோல்வியாக எண்ணுகிறவர் அரை நாளில் சோர்ந்துவிடுவார். பாக்கியாகக் குறித்துவைத்துக்கொள்கிறவருக்கு அதே இடங்கள்தான் ஆட்டத்தின் செல்வம்.

தமிழ்நாட்டு இளைஞருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நம்மில் பலருக்கு வீடியோ கேம் என்றால் முதல் அறிமுகம் கைப்பேசியில் பப்ஜி. 2020 செப்டம்பரில் அதற்குத் தடை வந்தது, அடுத்த ஆண்டே பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் திரும்பியது. இடையில் ஃபிரீ ஃபயர் ஒரு தலைமுறையைப் பிடித்துக்கொண்டது. அந்த ஆட்டங்களிலும் பெரிய நிலப்பரப்பு உண்டு, கட்டடங்கள் உண்டு, மலைகள்கூட உண்டு. ஆனால் அங்கே திசையைத் தீர்மானிப்பது நீங்கள் அல்ல, சுருங்கிக்கொண்டே வருகிற வட்டம். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை அது ஒவ்வொரு நிமிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அரை மணி நேரத்தில் ஓர் ஆட்டம் முடிந்து, வெற்றியோ தோல்வியோ கைக்கு வந்துவிடுகிறது. அந்தப் பயிற்சி பெற்ற கைகளுக்கு வேகமும் குறியும் நிறைய இருக்கும். வட்டமே இல்லாத நிலத்தில் நிற்கிற பொறுமை இருக்காது. இதை இளைஞர்களின் குறையாகச் சொல்லவில்லை. ஒரு பழக்கத்தை இன்னொரு பழக்கத்தால்தான் மாற்ற முடியும், அதற்குச் சில நாள் பிடிக்கும் என்பதே சொல்ல வருவது.

ஹாலோ நைட் வரைபடத்தைக் கையாளும் விதம் இந்தப் பழக்க மாற்றத்துக்கு நல்ல சான்று. புதிய பகுதிக்குள் நுழையும்போது கையில் வரைபடம் கிடையாது. எங்கோ ஒரு மூலையில் கார்னிஃபர் என்ற வரைபடக்காரர் உட்கார்ந்து ராகம் இழுத்துக்கொண்டிருப்பார். தரையில் அவர் சிதறவிட்ட காகிதங்களையும் காற்றில் வரும் அந்த ஓசையையும் பின்தொடர்ந்து போய், காசு கொடுத்து வாங்க வேண்டும். வாங்கியதும் அரைகுறை. மீதியை நீங்களே நடந்து நிரப்ப வேண்டும், அதற்கும் எழுதுகோல் தனியாக விலைக்கு வாங்க வேண்டும், நிரப்பியது பதிவாவது ஓர் இருக்கையில் போய் உட்கார்ந்த பிறகுதான். வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடம் தெரிய வேண்டுமென்றால் ஒரு திசைகாட்டித் தாயத்தை அணிய வேண்டும். அது வேறொரு தாயத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கைப்பேசியில் நீலப் புள்ளியைப் பார்த்து நடந்தே பழகியவருக்கு இது கொடுமையாகத் தோன்றும். ஆனால் இதன் விளைவு என்ன? காதைத் தீட்டிக்கொள்கிறீர்கள். சுவரின் நிறம், செடியின் வகை, பின்னணி இசை மாறும் இடம் எல்லாம் அடையாளங்களாகின்றன. பத்து மணி நேரம் ஆடியவர் அந்த அழிந்த நாட்டின் பாதைகளை வரைபடத்தைத் திறக்காமலே சொல்வார். இலவசமாக முழு வரைபடத்தைக் கொடுக்கும் பல பெரிய நிறுவன ஆட்டங்களில் ஐம்பது மணி நேரம் சுற்றியவருக்கும் இந்த ஊர்ப்பழக்கம் வருவதில்லை.

சாவையும் சேர்த்தே எதிர்பார்க்க வேண்டும். பாஸ் என்று சொல்கிற பெரிய எதிரியிடம் பத்து முறை சாவது சாதாரணம். ஹாலோ நைட்டில் செத்தால் சேர்த்த காசெல்லாம் செத்த இடத்தில் ஒரு நிழலாக நிற்கும். மீண்டும் அங்கே போய் அந்த நிழலை வென்றால் திரும்பக் கிடைக்கும், வழியில் இன்னொரு முறை செத்தால் போனது போனதுதான். எரிச்சலூட்டும் ஏற்பாடு, மறுக்கவில்லை. இருந்தாலும் இழந்த இடத்துக்கே திரும்பிப் போகும் அந்தப் பயணத்தில்தான் முதல்முறை கவனிக்காத பக்கவழி கண்ணில் படும்.

இங்கே நியாயமான ஓர் எதிர்வாதம் எழும். வழி சொல்லாதது கலை என்று பெருமை பேசுகிறீர்களே, அது ஆட்டம் செய்தவர்களின் சோம்பேறித்தனமாகவும் இருக்கலாம் அல்லவா? இருக்கலாம், இருந்திருக்கிறது. 1987இல் வந்த 'காசில்வேனியா 2: சைமன்ஸ் குவெஸ்ட்' இதற்குப் பேர்போன உதாரணம். அதில் ஒரு மலைமுகட்டுக்கு அருகே, குறிப்பிட்ட ஒரு சிவப்புப் படிகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சில நொடிகள் மண்டியிட்டுக் காத்திருந்தால் ஒரு சுழற்காற்று வந்து தூக்கிப் போகும். அதை எந்த அறிவாளியும் தானாக ஊகித்திருக்க முடியாது. ஊர்க்காரர்கள் சொல்லும் துப்புகளும் குழப்பமானவை, சில சுத்தப் பொய். பத்திரிகையைப் பார்த்தோ நண்பர் சொல்லியோ கடந்தவர்களே அதிகம். மெட்ராய்டின் தாழ்வான இடுக்கையும் இந்த மண்டியிடலையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. முன்னதில் விடைக்கு வேண்டியதெல்லாம் கண்ணெதிரே இருந்தது, பின்னதில் இல்லை. புதியவர் ஓர் ஆட்டத்தை மதிப்பிட இந்த ஒரு கேள்வி போதும்: விடை தெரிந்த பிறகு 'அட, இதை நானே கண்டிருக்கலாமே' என்று தோன்றுகிறதா? தோன்றினால் அது நல்ல ஆட்டம். தோன்றாவிட்டால் குற்றத்தை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள், தாராளமாக விட்டுவிடலாம்.

இரண்டாவது எதிர்வாதம் நேரத்தைப் பற்றியது. வேலைக்குப் போகிறவருக்கும் தேர்வுக்குப் படிக்கிறவருக்கும் திசை தெரியாமல் சுற்ற ஏது நேரம்? யூடியூபில் முழு ஆட்டத்துக்கும் வழிகாட்டும் வீடியோ கிடைக்கிறதே, அதைப் பார்த்துக்கொண்டே ஆடினால் பாதி நேரம் மிச்சம் என்பார்கள். கணக்குச் சரிதான். ஆனால் மிச்சமாவது எது? இந்த ஆட்டங்களில் ஓடுவதும் வெட்டுவதும் வேறெங்கும் கிடைக்கும். இங்கே மட்டும் கிடைப்பது ஒரு வழியைத் தானாகக் கண்டுபிடிக்கிற நிமிடம். வீடியோவைப் பார்த்து ஆடுகிறவர் அந்த நிமிடங்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்துவிட்டு, மீதமிருக்கும் நடையை மட்டும் ஆடுகிறார்; பிறகு ஆட்டம் சப்பென்று இருக்கிறது என்கிறார். 1997இல் வந்த 'சிம்பனி ஆஃப் த நைட்' ஆட்டத்தில் கோட்டையை ஏறி, கடைசி எதிரிபோலத் தெரிகிறவரை வீழ்த்தினால் முடிவு வந்துவிடும். அவர் உண்மையில் எதிரிதானா என்று சந்தேகப்பட்டுத் தேடியவர்களுக்கு மட்டும் தலைகீழான இன்னொரு கோட்டை, அதாவது ஆட்டத்தின் மறுபாதி, திறந்தது. அதை முன்கூட்டியே சொல்லிவிட்டு ஆடச் சொன்னால் அந்தச் சந்தேகத்துக்கே வேலை இல்லை. (இங்கே நானே சொல்லிவிட்டேன், கால் நூற்றாண்டுக்கும் மேல் பழைய ரகசியம், மன்னிக்கலாம்.)

அப்படியானால் புதியவருக்கு யாரும் எதுவும் சொல்லக் கூடாதா? இந்தக் கேள்விக்குத் தமிழில் வெகு பழைய விடை ஒன்று இருக்கிறது. பத்துப்பாட்டில் வரும் மலைபடுகடாம், பரிசில் பெற்றுத் திரும்புகிற கூத்தர் ஒருவர், இனிமேல் போகப்போகிற கூத்தருக்குச் சொல்லும் வழிக்குறிப்பு. பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடிகள். போய்ச் சேர வேண்டிய இடம் நன்னனின் மலைநாடு. அதில் என்னென்ன சொல்லப்படுகிறது என்று பாருங்கள். பன்றிகளுக்கு வைத்த பொறிகள் வழியில் இருக்கும், பகலில் போங்கள். குழிகளில் பாம்பு மறைந்திருக்கும். தினைப்புனம் காப்பவர்கள் பரண்மேல் இருந்து கவண்கல் எறிவார்கள், மரங்களின் மறைவில் ஒதுங்கிப் போங்கள். பாறை வழுக்கும், கொடியைப் பற்றிக்கொள்ளுங்கள். காட்சியில் மயங்கி நடந்தபடியே பார்க்காதீர்கள். இரவாகிவிட்டால் குகையில் தங்குங்கள். வழி தப்பிவிட்டால் உங்கள் இசைக்கருவிகளை வாசியுங்கள், ஓசை கேட்டு மலைவாசிகள் வந்து வழிகாட்டுவார்கள். எத்தனையாவது அடியில் இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்ற கணக்கு அதில் இல்லை. மலை எப்படி நடந்துகொள்ளும், நீங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதே இருக்கிறது. வழி தப்புவதையும் பயணத்தின் ஒரு பகுதியாக முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்ட வழிகாட்டி அது.

புதியவருக்கு அந்த மாதிரியான குறிப்புகள்தான் தேவை. சிலவற்றைச் சொல்லலாம். முதல் இரண்டு மூன்று மணி நேரம் மந்தமாக இருக்கும். கையில் திறன்கள் வந்து சேர்ந்த பிறகே நடையே மாறும். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எட்டாத மேடை, திறக்காத கதவு, விளங்காத சிலை ஆகியவற்றைக் குறியுங்கள். ஒரு வாரம் ஆடாமல் விட்டுத் திரும்பும்போது அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் தொலைந்தீர்கள், வேலை உள்ளவருக்கு நோட்டுப் புத்தகமே நேரத்தை மிச்சப்படுத்தும். ஒரு பாஸிடம் ஏழெட்டு முறை தோற்றால் முட்டிக்கொண்டிராமல் வேறு திசையில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் வலிமை கூட்டுகிற ஏதோ ஒன்று அங்கே இருக்கும். புதிய திறன் கிடைத்ததும் முன்னோக்கி ஓடாமல் ஒருமுறை பழைய இடங்களுக்குப் போய்வாருங்கள். விலங்குகளையும் கவனியுங்கள்: 1994இன் 'சூப்பர் மெட்ராய்ட்' ஆட்டத்தில் சுவருக்குச் சுவர் தாவி ஏறும் வித்தையைச் சொல்லிக்கொடுப்பது ஆழத்தில் வாழும் குட்டிப் பிராணிகள்தான், அவை தாவுவதைப் பார்த்து நாமும் தாவ வேண்டும். இவ்வளவும் செய்து இரண்டு நாள் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டால் யாரையாவது கேளுங்கள், வீடியோவைக்கூடப் பாருங்கள். மலைபடுகடாம் கூத்தரே கருவியை வாசித்து உதவி கேட்கலாம் என்கிறபோது நமக்கென்ன வெட்கம்?

வீடுகளில் இருந்து வரும் எதிர்ப்பு வேறு. தமிழ்நாட்டில் ஆன்லைன் விளையாட்டு என்றதும் ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த அச்சம் காரணமில்லாதது அல்ல. அதனால்தான் 2022 அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றி, ஆளுநர் திருப்பி அனுப்பி, மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்யும் மத்தியச் சட்டமும் வந்தது. ஆனால் அந்தச் சட்டங்களே பணத்தைப் பந்தயம் வைக்கும் ஆட்டத்தையும் மற்றதையும் பிரித்துத்தான் பார்க்கின்றன. ஹாலோ நைட் மாதிரியான ஆட்டத்தை ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் அதற்குமேல் அது காசு கேட்பதில்லை. எதிரே முகம் தெரியாத ஆள் இல்லை. ஒரு நாள் முடிந்தும் போகும். முடிகிற ஆட்டம் என்பது இன்றைய நிலையில் சாதாரணச் சிறப்பு அல்ல, ஏனென்றால் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் பெரும்பாலான ஆட்டங்கள் முடியவே கூடாது என்று வடிவமைக்கப்பட்டவை. அதற்காக இரவு இரண்டு மணிவரை ஆடுவதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தேடும் ஆசையும் ஒரு பிடிப்புத்தான். 'இந்த ஒரு மூலையை மட்டும் பார்த்துவிடுகிறேன்' என்பது ஆடுபவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பொய்.

எதிர்பார்க்க வேண்டிய இன்னொன்று தனிமை. இதை யாரும் புதியவரிடம் சொல்வதில்லை. இந்த வகையின் நிலங்கள் பெரும்பாலும் அழிந்த நாடுகள், சாபம் பட்ட கோட்டைகள், ஆளற்ற கிரகங்கள். பேச நான்கைந்து பேர் கிடைத்தால் அதிகம். அந்தத் தனிமைக்கு ஓர் அழகு உண்டு என்றாலும், அது இந்த வகைக்கு எழுதிவைத்த விதி அல்ல, செய்தவர்களின் பழக்கம். மலைபடுகடாத்தின் மலையில் ஆள்கள் நிறைந்திருக்கிறார்கள். அவர்களே வழி, அவர்களே உணவு. கொல்லிமலையும் அப்படித்தான். சங்கப் பாடல்களில் அந்த மலை வரும் விதத்தை ஒரு கேம் வடிவமைப்பாளர் படித்தால் கை பரபரக்கும். புறநானூற்றில் வன்பரணரின் பாட்டு ஒன்று: ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தும் வீழ்கிற காட்சி, அதை எய்த வேட்டுவன் யாரென்று தெரியாமலே காட்டில் நிற்கும் பாணர் கூட்டம், பெயரைச் சொல்லிக்கொள்ளாமலே அவன் கொடுத்தனுப்பும் இறைச்சியும் பொன்னும். அவன்தான் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி. நற்றிணையும் குறுந்தொகையும் பேசும் கொல்லிப்பாவை இன்னொன்று: காற்றும் மழையும் இடியும் அசைக்க முடியாத, தெய்வம் சமைத்த வடிவம். சிரித்து மயக்கிக் கொல்வது அது என்கிறது மரபு. எட்டுக்கை அம்மனோடு அதைச் சேர்த்துச் சொல்வது மலையில் இன்றும் உள்ள வழக்கம்.

இந்தியக் கதையை எடுத்துக்கொண்டு செய்த முயற்சி ஏற்கெனவே உண்டு. புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' காணக் கண்கொள்ளாத அழகு, ராஜஸ்தான் கோட்டைகளும் பஹாடி ஓவிய வண்ணங்களும் அதில் உண்டு. ஆனால் அது நேர்ப்பாதை ஆட்டம். கோட்டையைப் பார்க்கலாம், அதற்குள் தொலைய முடியாது. டொராண்டோவில் உருவாகி 2023இல் வந்த 'வெண்பா' வேறு திசையில் போனது: கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், ஓர் அம்மாவின் சமையல். அதில் சமையல் குறிப்பேட்டின் பக்கங்கள் கிழிந்தும் மங்கியும் இருக்கும், விடுபட்ட படிகளை ஆடுபவரே ஊகித்துச் சமைக்க வேண்டும். அரைகுறைக் குறிப்பை நம்பி ஆடுபவரிடம் ஒப்படைக்கிற அந்தத் துணிச்சலுக்கு 2024இல் பாஃப்டா விருதே கிடைத்தது, சிறந்த அறிமுக ஆட்டம் என்று. பிரெஞ்சு நாட்டுக் குழு ஒன்று பாரசீகப் புராணத்தின் காஃப் மலையை வைத்து 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: த லாஸ்ட் கிரவுன்' செய்தபோது, முழு உரையாடலையும் பாரசீக மொழியிலும் கேட்கும்படி கொடுத்தது. ஹாலோ நைட், சில்க்சாங் இரண்டும் பல மொழிகளில் வருகின்றன, தமிழ் அவற்றில் இல்லை. துப்புகளைப் படித்து விளங்கிக்கொள்ள வேண்டிய ஒரு வகையில் இது உண்மையான தடை. கோவையிலும் சென்னையிலும் வெளிநாட்டு ஆட்டங்களுக்காக உழைக்கிற இளைஞர்கள், நம் மலைகளில் ஒன்றை, அதில் வாழ்கிற மலையாளிப் பழங்குடியினரைக் காட்சிப் பொருளாக்காமல், அவர்களையும் கூட வைத்துக்கொண்டு, ஒருமுறை ஆட்டமாக்கிப் பார்க்கட்டும்.

அப்படியொன்று வரும்வரை கைக்குக் கிடைப்பதை வைத்துத்தான் தொடங்க வேண்டும், அதில் தேர்வு முக்கியம். பரபரப்பாக இருக்கிறதே என்று சில்க்சாங்கை முதல் ஆட்டமாக எடுக்காதீர்கள். முந்தைய ஆட்டத்தை முடித்தவர்களையே திணறடித்தது அது. எதிரியின் ஒரே அடியில் இரண்டு உயிர்க்கட்டங்கள் போவதைப் பார்த்துப் பழைய ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். வெளியான சில நாள்களில் தொடக்கப் பகுதியின் இரண்டு பாஸ்களின் கடுமையைச் செய்தவர்களே சற்றுக் குறைத்தார்கள். கடினமாக இருந்தால்தான் ஆட்டம் என்று சண்டைக்கு வருகிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்களுக்கு ஒரே பதில்: தேடலுக்குத் தேவையானது மறைவு. கைவலி அதற்குக் கட்டாயம் இல்லை. இரண்டும் ஒன்றாக வருவது இந்த வகையின் வழக்கம், அவசியம் அல்ல. லாஸ்ட் கிரவுன் இதை நிரூபித்தது. அடைபட்ட இடத்தைக் கண்டால் அதைப் படம்பிடித்து வரைபடத்திலேயே குத்திவைக்கும் வசதி அதில் உண்டு. சண்டையின் கடுமையைத் தனியாகக் குறைத்துக்கொள்ளலாம். அடுத்துப் போக வேண்டிய இடத்தைக் காட்டும் முறையும் காட்டாத முறையும் உண்டு, இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து அது கைப்பேசியிலும் கிடைக்கிறது, தொடக்கப் பகுதியை இலவசமாக ஆடிப் பார்க்கலாம். கணினி உள்ளவர்கள் 2015இன் 'ஓரி அண்ட் த பிளைண்ட் ஃபாரஸ்ட்' ஆட்டத்தை எடுக்கலாம். நம் ஓரிக்கும் இதற்கும் தொடர்பில்லை, பெயர் தற்செயலாக அமைந்தது. அதன் 2016 பதிப்பில் எளிய நிலை உண்டு, பெரும்பாலான இடங்களில் சேவ் செய்துகொள்ளவும் முடியும். ஜின்ஸோ மரத்தில் தண்ணீர் துரத்துகிற இடம் மட்டும் படுத்தும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டில் ஒன்றை வழிகாட்டு வீடியோ பார்க்காமல் முடித்துவிட்டு ஹாலோ நைட்டுக்கு வாருங்கள். அதையும் முடித்த பிறகு சில்க்சாங். ஆறு மணி நேரம் ஆடியும் திரும்பிப் போவது தண்டனையாகவே தெரிந்தால் இந்த வகை உங்களுக்கானது அல்ல, வேறு நல்ல ஆட்டங்கள் ஏராளம்.